ஐம்பது வயதில் இரண்டு பேராக மலையேற: கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் மட்டுமாக வெளியூரில் ஓர் இரவு தங்கியது கிடையாது. திருப்பதி என்றால் மாமியார் கூட வருவார். கன்னியாகுமரி என்றால் பிள்ளைகள், நாத்தனார் பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஆள். வெள்ளிவிழா வருடத்தில் மகள்தான் பிடித்துத் தள்ளினாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்கம்மா, பாட்டிய நான் பாத்துக்கறேன்" என்றாள். மே மாதம் நடுவில், ஒரு சனிக்கிழமை விடியற்காலை, காவேரிப்பட்டணத்திலிருந்து ஊட்டிக்குக் காரில் கிளம்பினோம்.

மலையடிவாரச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் தேடி, போனோடு மல்லுக்கட்டி வாங்குவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது. மேலே போனால் வண்டிமேல் வண்டி. செயலியில் படம் பார்த்துப் பணம் கட்டிய அறை மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. 'பள்ளத்தாக்குக் காட்சி' என்று போட்டிருந்த ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. என் முட்டிவலியும் அவர் எரிச்சலும் சேர்ந்துகொள்ள, மூன்று நாளில் ஒன்றரை நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அடுத்த வருடம் சித்திரையில் ஏற்காடு போனோம். மூன்று இரவு. எதையும் சுற்றிப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் திரும்பி வந்தபிறகும் ஒரு வாரம் அவர் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அந்த முதல் பயணத்தில் நான் பட்டதை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்கள் வயது, எங்கள் ஊர், எங்கள் வருமானம் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது. இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இது சரிப்படாது.

1. இடத்தைப் பேசும் முன் ஆள் கணக்கை முடியுங்கள்

பெரிய இடைஞ்சல் பணமோ லீவோ அல்ல, சொந்தக்காரர்கள். போகிறோம் என்று வாயைத் திறந்த அன்றே என் கொழுந்தனார், "ரெண்டு பேருக்கு எதுக்கு அண்ணி ஒரு காரு? பின்னாடி சீட்டு சும்மாதானே போவுது" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பின்சீட்டில் ஆள் ஏறினால் வண்டி நிற்கும் இடம், சாப்பிடும் நேரம், பேசும் பேச்சு எல்லாம் மாறிவிடும். நீங்கள் மறுபடியும் அண்ணியாகவும் அண்ணனாகவும் ஆகிவிடுவீர்கள்.

அதனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகும் ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் தெரிந்தால் போதும். 'இந்த வயசுல என்ன தனியா ஊர் சுத்தறது' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். "டாக்டர் காத்து மாத்தச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டேன். டாக்டர் பேரைச் சொன்னால் நம் ஊரில் யாரும் மேலே கேட்பதில்லை.

பெரியவர்களுக்கு மாத்திரை கொடுக்க ஆள், மாடு இருந்தால் பால் கறக்க ஆள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள். இந்த மூன்றும் உறுதியாகாமல் முன்பணம் கட்டாதீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இரவு ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள்.

2. தேதியைக் குறியுங்கள்

நம் வயதில் இருக்கும் பெரிய வசதி, பள்ளிக்கூட லீவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது. பிள்ளைகள் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விட்டார்கள். ஆனாலும் பழக்கதோஷத்தில் மே மாதத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். மே மாதத்தில் மலைமேல் அறை வாடகை ஏறிவிடும், சாலை அடைத்துவிடும். ஊட்டியில் மலர்க் கண்காட்சியும் ஏற்காட்டில் கோடை விழாவும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். பூ பார்க்க ஆசை என்றால் சரி. நிம்மதி வேண்டும் என்றால் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

என் கணக்கில் நல்ல வாரங்கள் இரண்டுதான்.

ஒன்று, தமிழ்ப் புத்தாண்டு முடிந்த அடுத்த வாரம். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இன்னும் பரீட்சை முடிந்திருக்காது. மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விட்டால் வேறு வழியும் இல்லை. ஏப்ரலில் காய் மரத்தில் இருக்கும்போது காவலுக்கு ஆள் போட்டுவிட்டுப் போகலாம். மே பிறந்து செந்தூராவும் அல்போன்சாவும் வர ஆரம்பித்தால் மண்டி, வண்டி, கூலி என்று ஓட்டம்தான். பெங்களூராக் காய் மாங்கூழ் ஆலைக்குப் போய்ச் சேரும்வரை, ஜூலைவரைகூட, தோப்புக்காரர் நகர முடியாது. நாங்கள் சித்திரையைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று, ஜூனில் பள்ளி திறந்த அடுத்த வாரம். கூட்டம் சட்டென்று வடிந்துவிடும், வாடகையும் இறங்கும். ஆனால் ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அந்த வாரத்தில் வயநாடு, மூணாறு, குடகு, கூடலூர்ப் பக்கம் திட்டம் போடாதீர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்த நிலச்சரிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூனில் போவதாக இருந்தால் ஏற்காடு, ஏலகிரி மாதிரி கிழக்குப் பக்கத்து மலைகள்தான் சரி.

எந்த மாதமானாலும் கிழமை முக்கியம். ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து பெங்களூரு வண்டிகள் வரிசை கட்டும். கர்நாடகத்தில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே பள்ளி லீவு விட்டுவிடுவார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஞாயிறு மதியம் கூட்டம் இறங்கும்போது நீங்கள் ஏறுங்கள், புதன் அல்லது வியாழன் இறங்குங்கள். அவர் உரக்கடைக்கு ஞாயிறு விடுமுறை, எனக்கு மருத்துவமனை பில்லிங் கவுண்டரில் மூன்று நாள் லீவு. கணக்கு சரியாக வந்தது.

குலதெய்வத் திருவிழா, நெருங்கிய சொந்தத்தில் கல்யாண முகூர்த்தம் இரண்டையும் நாட்காட்டியில் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். பார்க்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. இருவரும் தனித்தனிக் காகிதத்தில் எழுதுங்கள்

இது மகள் சொன்ன யோசனை. சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் இதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆளுக்கு ஒரு காகிதம். மூன்று கேள்வி. அங்கே போய் என்ன செய்ய ஆசை? எது நடந்தால் கோபம் வரும்? உடம்பில் எது தொந்தரவு?

நான் எழுதியது: காலையில் யாராவது காப்பி போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அவர் எழுதியது: போன் அடிக்கக் கூடாது. இரண்டு பேருமே 'பார்க்க வேண்டிய இடம்' என்று ஒன்றுகூட எழுதவில்லை. அப்போதுதான் உறைத்தது. போன தடவை ஊட்டியில் ஆறு இடத்துக்கு ஓடினோமே, அது யாருக்காக? எங்களுக்கு வேண்டியது நல்ல திண்ணை. அதாவது, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முன்னால் மரம் தெரிய வேண்டும். இதை முடிவு செய்துவிட்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தமாதிரி.

மூன்றாவது கேள்விக்கு வெட்கப்படாமல் எழுதுங்கள். எனக்கு முட்டிவலி. தீட்டு நிற்கிற வயது, திடீரென்று உடம்பெல்லாம் அனல் பறந்து வேர்த்துக் கொட்டும். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் இதை அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை, காகிதத்தில்தான் சொன்னேன். அவருக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், சர்க்கரை. அவர் குறட்டையை நான் எழுதினேன், என் குறட்டையை அவர் எழுதினார்.

4. இப்போது இடம்

ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி வெப்பம் குறையும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டரில் இருக்கின்றன. போகும் இடத்தின் உயரத்தில் 500-ஐக் கழித்துவிட்டுப் பாருங்கள், எவ்வளவு குளிரும் என்று தெரிந்துவிடும்.

ஏலகிரி. சுமார் 1,100 மீட்டர். நமக்கு மூன்று நான்கு டிகிரி குறையும், அவ்வளவுதான். மே மதியத்தில் அங்கேயும் வேர்க்கும். ஓசூரே ஏறக்குறைய 900 மீட்டரில் இருப்பதால் ஓசூர்க்காரர்கள் குளிருக்காக ஏலகிரி போவதில் அர்த்தமே இல்லை. ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வழியாக இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பதினான்கு கொண்டை ஊசி வளைவுதான். வீட்டில் வயதானவர் இருந்து, கூப்பிட்டால் உடனே ஓடி வரவேண்டும் என்றால் இதுதான் தோது. முதல் தடவையாகப் போகிறவர்கள் ஓர் இரவு இங்கே தங்கிப் பழகிக்கொள்ளலாம்.

ஏற்காடு. 1,515 மீட்டர். ஆறு டிகிரி குறைகிறது. இரவில் போர்வை வேண்டும், ஸ்வெட்டர் பெரும்பாலும் வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வழியாக 140 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். தருமபுரிக்காரர்களுக்கு நூறுக்குள் முடிந்துவிடும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது வளைவு. ஏரி, சேர்வராயன் கோயில், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் பக்கம்பக்கமாகவே இருக்கின்றன. காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஆள் நடமாட்டமில்லாத சாலைகள் நிறைய. காலை ஆறரைக்கு அந்தச் சாலையில் நடந்தால் எதிரே வருவது பால்காரரும் நாயும்தான். கிள்ளியூர் அருவிக்கு மட்டும் கோடையில் போகாதீர்கள். தண்ணீர் இருக்காது, இறங்கிய படியெல்லாம் ஏறவும் வேண்டும். முட்டிக்கு ஆகாது.

கொல்லிமலை. ஊர் அழகு, எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவு. கழுத்துவலிக்காரருக்கும் தலைசுற்றல்காரருக்கும் அது தண்டனை. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். அறுபதிலும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ரகமா என்று உங்கள் முட்டியைக் கேளுங்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி. ஊட்டி 2,240 மீட்டர். நமக்குப் பத்து டிகிரி குறையும், உண்மையான குளிர் இதுதான். காரில் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஒதுக்க முடிந்தால், அதாவது நான்கு இரவாவது இருந்தால் மட்டும் போங்கள். தங்குவதற்கு ஊட்டி நகரத்தைவிடக் கோத்தகிரி அமைதி. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். அறை பிடிக்கும்போது அதையும் யோசியுங்கள்.

மலை ரயில் ஆசை இருந்தால் சேலத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறலாம். நள்ளிரவு தாண்டித்தான் சேலத்துக்கு வரும், காலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து 46 கிலோமீட்டர் ஏற மலை ரயிலுக்கு ஐந்து மணி நேரம்போல ஆகும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் கிடையாது. மே மாத மலை ரயில் இருக்கைகள் திறந்த சில நிமிடத்தில் போய்விடும். கிடைக்காவிட்டால் மனம் விடாதீர்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் ஓடும் வண்டியில் ஏறுங்கள், ஒரு மணி நேரச் சுகம். ஐந்து மணி நேரம் அந்தச் சின்ன இருக்கையில் முட்டியை மடக்கி உட்காருவதைவிட அதுவே மேல்.

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை என்பதை வெளியூர் மாப்பிள்ளைகள் யாராவது படித்தால் தெரிந்துகொள்ளட்டும். தருமபுரி, ஓசூர், ஜோலார்பேட்டை, சேலம், எது வசதியோ அங்கே போய்த்தான் ஏற வேண்டும்.

ஒகேனக்கல். நம் மாவட்டத்து இடமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும், குளிருக்குப் போகிற இடம் அல்ல. தருமபுரியைவிடத் தாழ்வான பள்ளத்தில் இருக்கிறது, வெயில் இன்னும் அதிகம். ஆனால் ஒரு நாளைக்குப் போய்வர அருமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளியல், பரிசல், மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்துத் தருவார்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து பிலிகுண்டுலுவில் வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான் அந்தத் தொல்லை. பரிசலுக்கு வழியில் மடக்கும் ஆட்களிடம் பேரம் பேசாமல் கவுண்டரில் சீட்டு வாங்கி, மிதவை அங்கி போட்டுக்கொண்டு ஏறுங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பாதையாக வருகிறவர்கள் இருட்டும் முன் காட்டைத் தாண்டிவிட வேண்டும். யானை நடமாடும் பாதை அது.

குடகு போகிறவர்களுக்கு இரண்டு வரி. ஓசூர் தாண்டி பெங்களூரு நகருக்குள் மாட்டிக்கொள்ளாமல், எலெக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் சாலையைப் பிடித்து மைசூரு சாலைக்குப் போங்கள். கட்டணம் அதிகம், ஆனால் இரண்டு மணி நேர எரிச்சல் மிச்சம். புல்லட்டில் போகும் ஆசை இருந்தால், பெங்களூரு மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, பக்கச் சாலையில்தான் போக வேண்டும். மைசூரிலிருந்து ஊட்டிக்குத் திரும்ப நினைப்பவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

5. காகிதங்கள்

இ-பாஸ். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கட்டாயம். ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை அந்த உத்தரவில் இல்லை. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை நடத்தும் அரசுத் தளத்தில் போன் எண் கொடுத்து, வண்டி எண், ஆள் எண்ணிக்கை, போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம் எல்லாம் நிரப்பினால் வந்துவிடும். கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணைப்போ கடையோ வேண்டாம். 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஆகவே தேதி முடிவான அன்றே எடுத்து, அச்செடுத்துப் பையில் வையுங்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரம் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் உரிமம். நம் வயதுக்காரர்கள் விழும் குழி இது. பழைய விதிப்படி எடுத்த உரிமம் இருபது வருடம் அல்லது ஐம்பது வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். அவருக்கு ஐம்பது முடிந்த அன்றே உரிமமும் முடிந்திருந்தது. நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். நாற்பது தாண்டியவர்கள் புதுப்பிக்க, படிவம் 1ஏ-வில் மருத்துவர் கையெழுத்து வேண்டும். முடிந்து ஒரு வருடத்துக்குள் போனால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீட்டில் வில்லங்கம் வரும், அதனால் கிளம்ப இரண்டு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றையும் டிஜிலாக்கரில் ஏற்றி வைத்தால் போதும்.

அடையாள அட்டை. விடுதியில் இருவருடையதும் கேட்பார்கள். என் ஆதாரில் இன்னும் அப்பா பெயர், பிறந்த ஊர் முகவரி. வரவேற்பில் இருந்த பையன் அட்டையையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தான். சட்டப்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் சங்கடம். கணவர் பெயரோடு இருக்கும் வாக்காளர் அட்டையோ ரேஷன் அட்டைப் படமோ போனில் இருந்தால் பேச்சு வளராது. ஆதார் நகல் கொடுப்பதானால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள்.

6. அறை: போனில் பேசிப் பிடியுங்கள்

செயலியில் விலையைப் பாருங்கள், பிறகு விடுதிக்கே போன் போடுங்கள். நான் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன்: அறை எந்தத் தளம், எத்தனை படி? கட்டில் ஒன்றா, இரண்டா, தனித்தனியாக நகர்த்த முடியுமா? (குறட்டைக்காரர்கள் இதைக் கேட்காமல் விடாதீர்கள்.) வெந்நீர் எந்நேரமும் வருமா, காலை இரண்டு மணி நேரம்தானா? வெஸ்டர்ன் கழிவறையா? வாசலில் உட்கார இடம் உண்டா? இரவில் பாட்டு, கேம்ப் பயர் உண்டா? உள்ளே வரவும் காலி செய்யவும் எத்தனை மணி?

கேம்ப் பயர் உண்டு என்று பெருமையாகச் சொன்னால் அந்த விடுதியை விட்டுவிடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து அறைப் பையன்களின் ஆட்டத்தோடு உங்கள் காதல் போட்டிபோட முடியாது.

ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியை வாட்ஸ்அப்பில் இப்போதே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று அர்த்தம். ரத்து செய்தால் பணம் திரும்புமா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால் நாம் போகப்போவதில்லை, அது தெரிந்த கதை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல், ஒகேனக்கல்லில் உண்டு. ஆடம்பரம் இருக்காது, இடம் தாராளம்.

7. செலவு

ஏற்காட்டில் மூன்று இரவுக்கு நாங்கள் செய்தது: அறை, வரியோடு ஒரு நாளைக்கு 3,300 வீதம் 9,900 ரூபாய். பெட்ரோல் 2,200. சாப்பாடும் காப்பியும் 4,500. சுங்கம் 500. படகு, மிளகு, காப்பித்தூள், சில்லறை 1,500. ஆக 18,600. ஊட்டிக்குப் போன வருடம் இதைவிடப் பன்னிரண்டாயிரம் அதிகம் செலவாகி, மனஸ்தாபத்தோடு திரும்பினோம்.

அறை வாடகை சொல்லும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். 7,400-க்கும் 7,600-க்கும் வித்தியாசம் வெறும் இருநூறு இல்லை என்று புரிகிறதா?

காசை யார் கையில் வைத்திருப்பது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். நாங்கள் மொத்தத்தையும் ஓர் உறையில் போட்டு என் கைப்பையில் வைத்தோம். ஒவ்வொரு காப்பிக்கும் அவர் பணப்பையைத் திறந்து முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

8. பாதை

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது அங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டு லாரிக்கு நடுவில் போகாதீர்கள், வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுங்கள். விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் இந்த இறக்கத்தைத் தொடாமல், வெளிச்சம் வந்தபிறகு தாண்டும்படி கிளம்புங்கள். பாஸ்டேக்கில் முதல் நாளே பணம் போட்டுவிடுங்கள்.

மலைப் பாதையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி. இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காது. கோடை விழா நாட்களில் ஏற்காட்டுக்குச் சேலம் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழியாக்குவார்கள். ஓட்டப் பயமாக இருந்தால் சேலம்வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஏற்காடு அரசுப் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஜன்னலோரம் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போகலாம், காரில் அது நடக்காது.

9. பை

மாத்திரைகள் போகும் நாளுக்கு மேல் இரண்டு நாளைக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டோடு. இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்ப்பையில் எடுத்துச் செல்லுங்கள், வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். முட்டிக்குப் பெல்ட். வளைவுகளில் குமட்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை, ஏறுவதற்கு அரை மணி முன்பே. சர்க்கரைக்காரருக்கு வழியில் தின்ன ஏதாவது. பருத்தி இரவுடை இரண்டு. என்னை மாதிரி அனல் பறக்கிறவர்களுக்கு ஒரு கைவிசிறி. நல்ல புடவை ஒன்று போதும், நான் நான்கு கொண்டுபோய் மூன்றை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தேன்.

10. போய்ச் சேர்ந்தபிறகு

வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே போன், இரவு எட்டு மணிக்கு. மகளிடம் அப்படித்தான் சொல்லிவைத்தோம். குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போடுவதை ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடுங்கள். போட்டால் "அந்த ஓட்டல்ல சாப்டாதீங்க", "அங்க போய் மிளகு வாங்கிட்டு வாங்க" என்று பின்சீட்டில் ஆள் ஏறிவிடுவார்கள்.

முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள். இரண்டாம் நாள் ஒரு இடம் மட்டும். பேச்சு வராமல் கொஞ்ச நேரம் திணறும். பிள்ளைகளைப் பற்றியும் கடன் பற்றியும் பேசியே பழகிய வாய் அல்லவா. எங்களுக்கு முதல் மாலை முழுக்க அப்படித்தான் போனது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் எழுந்து, தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவிடம் அடுப்பைக் கேட்டு வாங்கி, தானே காப்பி போட்டு எடுத்துவந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. குடித்தேன்.

திரும்பும் நாளில் மதியத்துக்கு முன் இறங்க ஆரம்பியுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தொப்பூர் ஏறிவிடலாம், மாமியார் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் வீடு வந்து சேரலாம். மிளகு வாங்குவதானால் ஏரிக்கரைக் கடையில் வாங்காமல் எஸ்டேட் ஓரத்து வீடுகளில் கேளுங்கள்.